டூம் ஒண்ணும் டூம் ரெண்டும்: பேப்பர்ல வரைஞ்சு பார்த்தப்போ தெரிஞ்சது

போன ரெண்டு வாரமா டூம் முதல் பாகத்தையும் டூம் 2-ஐயும், மான்ஸ்டருங்களைச் சுட்டுத் தள்ளற அந்தப் பழைய கம்ப்யூட்டர் கேம்களை, அடுத்தடுத்து மறுபடி ஆடி முடிச்சேன். அல்ட்ரா-வயலென்ஸ்ங்கற கஷ்டமான மோடு, ஒவ்வொரு லெவலும் பிஸ்டல் ஸ்டார்ட், அதாவது முந்தின லெவல்ல சேர்த்த துப்பாக்கி எதுவும் இல்லாம வெறும் பிஸ்டலோட ஆரம்பிக்கறது. முடிச்ச கையோட ஒரு நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, ஸ்க்ரீனை அணைச்சுட்டு, ஒவ்வொரு லெவலா ஞாபகத்துலேர்ந்து வரைய உட்கார்ந்தேன்.

ஈ1எம்1, அதாவது முதல் டூமோட எபிசோட் 1, மேப் 1, பேர் ஹேங்கர், அஞ்சு நிமிஷம் கூட ஆகல. ஆரம்பிக்கிற ரூம், ஒரு பக்கம் படிக்கட்டு ஏறினா பச்சை கவசம், இன்னொரு பக்கம் போனா தூண் நிக்கிற ரூம், அப்புறம் பச்சை அமிலத்துக்கு நடுவுல சிக்சாக்கா போற பாதை, கடைசியில இருட்டா கம்ப்யூட்டர் ரூம், எக்ஸிட். ஈ1எம்2 கொஞ்சம் தடுமாறினேன், ஆனா வந்துடுச்சு. ஈ1எம்3, ஈ1எம்7 கூட அளவு கோணல்மாணலா இருந்தாலும் எது எதோட சேருதுன்னு சரியா வந்துச்சு.

டூம் 2-ல எபிசோட் கிடையாது, மேப்1, மேப்2னு வரிசை எண்தான். அதுல மேப்4 வந்ததும் கை நின்னுடுச்சு. தி ஃபோக்கஸ். ரெண்டு வாரத்துக்குள்ள ஆடின லெவல், ஒரு மூலை கூட ஒழுங்கா வரைய முடியல. மேப்12 அதே கதை. மேப்13 டவுன்டவுன்ல நாலஞ்சு டப்பா வரைஞ்சுட்டு எந்த டப்பால என்ன இருந்துச்சுன்னு தெரியாம விட்டுட்டேன். ஆனா பாருங்க, இதே டூம் 2-ல எங்க எந்த மான்ஸ்டர் என்னை எப்படி கொன்னுச்சுன்னு கேட்டா வரிசையா சொல்லுவேன். மேப்7-ஓட சண்டை நொடி நொடியா ஞாபகம் இருக்கு, மேப்8-ல கதவைத் திறந்ததும் உள்ள சைபர்டீமன்ங்கற ராட்சச மான்ஸ்டரும் பேரன் ஆஃப் ஹெல்ங்கற (சுருக்கமா பேரன்) பெரிய மான்ஸ்டர் கூட்டமும் நின்னது, மேப்11-ல முதல்தடவையா ஆர்ச்-வைல் நெருப்பு என் மேல பத்தினது, எல்லாமே.

இந்த வித்தியாசம் ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. ரெண்டு கேமும் கிட்டத்தட்ட ஒரே எஞ்சின், அதாவது கேமை ஓட்டற அடிப்படை ப்ரோக்ராம். 1993 டிசம்பர்ல டூம் வந்துச்சு, 1994-லயே டூம் 2 வந்துடுச்சு, நடுவுல ஒரு வருஷம் கூட இல்ல. ஒரு ரூம் மேல இன்னொரு ரூம் கட்ட முடியாது, மேப்ங்கறது மேலேர்ந்து பார்த்தா தெரியற தரைப்படம்தான், ஒவ்வொரு பகுதிக்கும் தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவுன்னு எண் போடறாங்க, அவ்வளவுதான். ரெண்டுலயும் அதே கட்டுப்பாடு, அதே கருவி. டூம் 2-ல புது ஆயுதம்னு பார்த்தா சூப்பர் ஷாட்கன் ஒண்ணுதான். புதுசா பெருசா வந்தது மான்ஸ்டருங்க.

முதல் எபிசோடை எடுத்துக்கோங்க. அதுல பெரும்பாலான லெவல், டூமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் ரொமேரோ பண்ணது. ரொமேரோ லெவல் கட்டறதுக்கு தனக்குன்னு சில விதி வெச்சிருந்தார், பல பேட்டியில அதைச் சொல்லியிருக்கார்: தரை டெக்ஸ்சர் (மேல ஒட்டற படம்) மாறுதுன்னா தரையோட உயரமும் மாறணும், வெளிச்சமும் இருட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், அடையாளம் சொல்ற மாதிரி இடங்கள் இருக்கணும், ஒரே இடத்துக்கு ஆடறவங்க திரும்பத் திரும்ப வரணும், ஜன்னல் வழியா வெளிய ஒரு இடம் தெரிஞ்சுதுன்னா எப்படியாவது அங்க போக வழி இருக்கணும். இதுல கடைசி விதியை நான் எத்தனை தடவை நினைச்சாலும் சலிக்காது. ஈ1எம்1 ஆரம்பிச்ச உடனே ஜன்னல் தெரியுது, வெளிய வானம், மலை, ஒரு அமிலக் குளம், அதுக்கு நடுவுல நீல கவசம் மினுக்குது. எப்படிப் போறது? தெரியாது. சிக்சாக் ரூமுக்கு வந்து அங்க சுவத்துல இருக்கற மறைவு வழியைக் கண்டுபிடிச்சு வெளிய வந்து நிக்கும்போது, எந்த ஜன்னல் வழியா இதைப் பார்த்தோமோ அந்த ஜன்னல் இப்போ வெளிப்பக்கத்துலேர்ந்து தெரியுது. அந்த நொடியில கட்டடம் முழுசா மண்டைக்குள்ள உட்கார்ந்துடுது. உள்ளேர்ந்து வெளிய பார்த்தோம், இப்போ வெளியேர்ந்து உள்ள பார்க்கறோம், ரெண்டும் ஒரே சுவர். அதான் என்னால கண்ணை மூடிட்டு வரைய முடியுது.

ஈ1எம்7-லயும் இதே வேலை பெருசா நடக்குது. சாவி எடுக்கணும், திரும்ப வரணும், போகும்போது அமைதியா இருந்த பாதையில வரும்போது ஒரு சுவர் திறந்திருக்கு, உள்ளேர்ந்து ஷாட்கன் ஜாம்பியும் நெருப்புருண்டை எறியற இம்ப்பும் வெளிய வருது. போன இடத்துக்கே திரும்பப் போறோமேன்னு அலுப்பு வரணும், வரல, ஏன்னா அதே இடம் வேற முகத்தைக் காட்டுது. ஈ1எம்2-ல அந்த இருட்டு கம்ப்யூட்டர் பகுதி, விட்டுவிட்டு எரியற லைட்டு, ஒரு ஃபிளாஷ்ல இம்ப் தெரியும், அடுத்த ஃபிளாஷ்ல அது பக்கத்துல நிக்கும். அதுல இருக்கற மான்ஸ்டர் என்னன்னு பார்த்தா ஒண்ணும் பெருசா இல்ல. முதல் எபிசோட் முழுக்க ஜாம்பி, ஷாட்கன் ஜாம்பி, இம்ப், ஓடி வந்து கடிக்கற பிங்கி, கண்ணுக்கு மங்கலா தெரியற ஸ்பெக்டர், கடைசி லெவல்ல ரெண்டு பேரன். அவ்வளவுதான் பட்டியல். பறந்து வர்ற கேகோடீமன் கூட கிடையாது. இவ்வளவு சின்னப் படையை வெச்சு பயம் காட்டணும்னா வேலையை இடம்தான் செய்யணும். இருட்டு செய்யணும், மூலை செய்யணும், திறந்து மூடற கதவு செய்யணும்.

இன்னொரு காரணமும் இருக்கு, முதல் எபிசோட் ஷேர்வேர். இலவசமா கொடுத்து, பிடிச்சிருந்தா மிச்ச ரெண்டு எபிசோடை காசு கொடுத்து வாங்கிக்கோங்கன்னு சொல்ற முறை. அப்போ அந்த ஒன்பது லெவல் தனியா நின்னு ஆளை இழுக்கணும். அதுக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு வேணும். ஈ1எம்8-ல ரெண்டு பேரனையும் கொன்னு, சுவர் இறங்கி, டெலிபோர்ட்டர்ல கால் வெச்சா ஒரு இருட்டு ரூம்ல போட்டு உங்களைச் சாகடிச்சுடறாங்க. அடுத்த எபிசோட்ல மறுபடி பிஸ்டலோட எந்திரிக்கறீங்க. அந்த முடிவு எனக்கு இன்னிக்கும் உடம்பைச் சிலிர்க்க வைக்குது. அதோட ஒவ்வொரு எபிசோடும் பிஸ்டலோட ஆரம்பிக்கறதால லெவல் பண்றவங்களுக்கு ஆடறவன் கையில என்ன இருக்கும்னு நல்லாத் தெரியும், அதுக்கேத்த மாதிரி இடத்தை அளந்து கட்ட முடியும்.

டூம் 2 அப்படி இல்ல. 30 லெவல் ஒரே நீட்டு, நடுவுல எங்கயும் ஆயுதத்தைப் பிடுங்கறது கிடையாது, கூட ரெண்டு சீக்ரெட் லெவல், மொத்தம் 32. ரெண்டாவது மேப்லயே சூப்பர் ஷாட்கன் கைக்கு வந்துடும். சாதா ஷாட்கன் ஒரு தடவை சுட்டா 7 குண்டு சிதறும், சூப்பர் ஷாட்கன்ல 20, அதுவும் ரெண்டு தோட்டாதான் செலவு. இது கையில இருக்கறப்போ இம்ப் ஒரு பொருட்டே இல்ல, பிங்கி ஒரே வெடி. அப்போ மூலைக்குப் பின்னாடி இம்ப் வெச்சு பயம் காட்டற பழைய வித்தை செல்லாது. லெவல் பண்றவங்க வேற வழி பார்க்க வேண்டி வந்துச்சு, பார்த்தாங்க.

அந்த வேற வழிதான் எனக்கு இந்தத் தடவை புதுசாப் புரிஞ்ச விஷயம். ரொம்ப நாளா நானும் எல்லாரும் சொல்றதையே சொல்லிட்டு இருந்தேன்: டூம் 2 லெவல் அசிங்கம், பழுப்பு நிறம், டப்பா டப்பாவா இருக்கு, நகரம்னு சொல்றாங்க நகரம் மாதிரியே இல்ல. இதெல்லாம் பொய்னு சொல்ல வரல. டவுன்டவுன்ல வீதின்னு ஒண்ணு கிடையாது, கட்டடம்னு நிக்கறது எல்லாம் செங்கல் டெக்ஸ்சர் ஒட்டின கட்டைகள். அங்க யாரோ வாழ்ந்தாங்கன்னு ஒரு நொடி கூடத் தோணாது. ஆனா ஆர்ச்-வைலை ஒரு தடவை நல்லா கவனிச்சுப் பாருங்க. அது உங்களைப் பார்த்துட்டா போதும், கையைத் தூக்கும், உங்க மேல நெருப்பு பத்தும், சில நொடி கழிச்சு வெடிக்கும், தூக்கி எறியும். தப்பிக்க ஒரே வழி, அந்த வெடி விழறதுக்குள்ள அதோட பார்வையிலேர்ந்து மறையணும். ஒரு தூண் போதும். அப்போ முதல் டூம்ல அலங்காரமா நின்ன தூண், இங்க உங்க உயிர். எத்தனை தூண் இருக்கு, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு தூரம், அந்த தூரத்தை ஓடிக் கடக்க முடியுமா, இதான் இப்போ லெவல் டிசைன். போதாக்குறைக்கு அது செத்த மான்ஸ்டரை எல்லாம் எழுப்பி விடுது, அதனால நீங்க சுத்தம் பண்ணிட்டு வந்த இடம்னு நிம்மதியா இருந்த இடமும் போச்சு.

ரெவனன்ட்ங்கற எலும்புக்கூடு மான்ஸ்டரும் அதே மாதிரி. அதோட ஏவுகணை சிலது வளைஞ்சு துரத்தும். நேரா ஓடினா மாட்டுவீங்க, சுவர் மூலையை ஒட்டித் திரும்பி அதைச் சுவத்துல மோத விடணும். மூலை ஒரு கருவி ஆயிடுது. தொடர்ச்சியா சுடற செயின்கன்னர் தூரத்துல ஒரு மேடை மேல நின்னா, நடுவுல இருக்கற திறந்தவெளி முழுக்க நெருப்புக் குழிதான், ஏன்னா அது சுடறது பறந்து வர்ற குண்டு இல்ல, சுட்ட நொடியே படும், ஒதுங்க நேரமே கிடைக்காது. அந்தத் திறந்தவெளியைப் பார்த்ததும் எங்க ஒளியலாம்னு கண்ணு தானா தேடுது. ஹெல் நைட்டுன்னு ஒண்ணு, பேரனோட தம்பி மாதிரி, பேரனுக்கு 1000 உயிர்ப் புள்ளின்னா இதுக்கு 500. பேரனை சாதாரண ரூம்ல வெச்சா சுட்டு சுட்டு அலுத்துடும், அதனால முதல் டூம்ல அதை யோசிச்சுதான் வெக்கணும். ஹெல் நைட்டை எங்க வேணா வெக்கலாம், ஒரு குறுகலான வழியை அடைக்கலாம், ஒரு கதவுக்குப் பின்னாடி மூணு நிறுத்தலாம். இப்படி ஒவ்வொரு புது மான்ஸ்டரும் அதே சுவருக்கும் அதே தரைக்கும் வேற வேற அர்த்தம் கொடுக்குது. எஞ்சின்ல பெரிய மாத்தம் இல்லாமலே.

மேப்7, டெட் சிம்பிள், இதோட உச்சம். அமெரிக்கன் மெகீயும் சாண்டி பீட்டர்சனும் பண்ணது. ஒரு சதுர முற்றம், அவ்வளவுதான். சுத்தி மான்குபஸ்ங்கற குண்டு மான்ஸ்டருங்க. அதுங்க எல்லாம் செத்ததும் வெளிச்சுவர் இறங்குது, சிலந்தி மாதிரி இருக்கற அராக்னோட்ரான் கூட்டம் வருது. அதுங்களும் செத்ததும் தரை உயர்ந்து எக்ஸிட்டுக்கு வழி கிடைக்குது. சாவி கிடையாது, வழி தொலையறது கிடையாது, ஜன்னல் வழியா ஏங்கறது கிடையாது. இதை பேப்பர்ல வரைஞ்சா ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம், சின்னப் பிள்ளை கூட வரையும். ஆனா மான்குபஸ் நெருப்பு ரெண்டு பக்கமும் விரிஞ்சு வர்றப்போ எங்க நிக்கணும், நடுவுல இருக்கறதை எப்படி மறைப்பா வெச்சுக்கிட்டு சுத்தணும், அராக்னோட்ரானோட பிளாஸ்மா மழையில எந்தப் பக்கம் ஓடணும், இது பேப்பர்ல வராது. கால்ல இருக்கற ஞாபகம் அது. இந்த லெவலை நகலெடுத்து ரசிகர்கள் செஞ்ச மேப் கணக்குல அடங்காது, மேப்7 வந்தாலே ஒரு சதுர முற்றம் வரும்னு எதிர்பார்க்கற அளவுக்கு ஆயிடுச்சு.

சாண்டி பீட்டர்சனைப் பத்தி தனியா சொல்லணும், அவருக்கு நியாயம் கிடைக்கறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். டூம் வெளிவர சுமார் பத்து வாரம் இருக்கறப்போ வந்து சேர்ந்தவர். முதல் டூமோட 27 லெவல்ல 19 அவர் கை பட்டது, அதுல சிலது முன்னாடி அந்த டீம்ல இருந்த டாம் ஹால் விட்டுட்டுப் போன வேலையை எடுத்து முடிச்சது. டூம் 2-லயும் பாதிக்கு மேல அவர்தான். அதனால "முதல் டூம் லெவல் அழகு, டூம் 2 லெவல் மோசம்"னு சொல்றவங்க நிஜத்துல ரொமேரோவோட முதல் எபிசோடை பீட்டர்சனோட எல்லா வேலைக்கும் எதிரா நிறுத்தறாங்க. முதல் டூமோட ரெண்டாவது மூணாவது எபிசோட்லயே டூம் 2 ஆரம்பிச்சுடுச்சு. ஈ2எம்6-ல பொய் எக்ஸிட் வெச்சிருப்பார். ஈ3எம்2 லெவலை மேப்ல பார்த்தா ஒரு கை, விரலோட. இவருக்கு ஒவ்வொரு லெவலும் ஒரு யோசனை, அந்த யோசனை நடந்தா போதும், சுவர் ஒழுங்கா டெக்ஸ்சர் ஒட்டியிருக்கான்னு கவலைப்பட மாட்டார்.

அவர் பண்ணதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ஈ3எம்9, வாரன்ஸ், சீக்ரெட் லெவல். உள்ள போனா, அட, இது ஈ3எம்1 ஆச்சே, ஏற்கனவே முடிச்ச லெவல்தானே, கேம் தப்பா லோட் ஆயிடுச்சோன்னு தோணும். அதே ரூம், அதே பாதை, அதே வரிசை. கண்ணை மூடிட்டு ஓடி எக்ஸிட் கிட்ட வர்றீங்க. அங்க சுவர் அப்படியே இறங்குது, சைபர்டீமன் நிக்குது, ஆரம்பத்துலேர்ந்து நீங்க நடந்து வந்த இடம் எல்லாம் திறந்து வேற லெவலா மாறிக் கிடக்கு. உங்க மண்டைக்குள்ள இருக்கற வரைபடத்தையே எடுத்து உங்களுக்கு எதிரா திருப்பி விட்ட லெவல் அது. இடத்தை ஞாபகம் வெச்சிருக்கறவனுக்குத்தான் அந்த அடி விழும். இவருக்கு இடத்தோட அருமை தெரியாதுன்னு இனிமேல் யாரும் என்கிட்ட சொல்ல வேண்டாம்.

டூம் 2-ல அவரோட யோசனைகள் எல்லாமே வெற்றின்னு சொல்ல மாட்டேன். மேப்8-ல எட்டுப் பக்கமும் கதவு வெச்சு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு தந்திரம், இது அருமை, சைபர்டீமனையும் பேரன்களையும் ஒண்ணோட ஒண்ணு மோத விட்டுட்டு ஓரமா நிக்கற சுகமே தனி. மேப்6 அவரோடது இல்ல, அமெரிக்கன் மெகீ பண்ணது, அதுல கஷ்டத்தை ஏத்தி வெச்சு ஆடினா அந்த ராட்சச நசுக்கிக்குக் கீழ பிரம்மாண்ட சிலந்தியான ஸ்பைடர் மாஸ்டர்மைண்டையே சிக்க வெச்சு நசுக்கலாம். ஆனா பீட்டர்சனோட மேப்24, தி காசம், ஒத்தையடிப் பாதை மாதிரி மெல்லிசான சுவர் மேல நடக்க விட்டு, தவறினா கீழ சேதம் பண்ற தரை. டூம்ல ஆளு ஓடற வேகத்துக்கும் அந்தப் பாதைக்கும் சம்பந்தமே இல்ல. மூணு தடவை ஆடிட்டேன், மூணு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் முடிச்சேன். மேப்30-ல ஒரே இடத்துல நின்னு லிஃப்ட்ல ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்த சுவத்து ஓட்டைக்குள்ள ராக்கெட் விடறது, முடிவுன்னு சொல்ல மனசு வரல. ஈ1எம்8-ஓட அந்த இருட்டு ரூமுக்குப் பக்கத்துல கூட நிக்காது.

நடுவுல ரொமேரோ டூம் 2-க்கு பண்ணது ஆறே லெவல்: 11, 15, 17, 20, 26, 29. இந்த ஆறையும் தனியா எடுத்து வெச்சு வரிசையா ஆடிப் பாருங்கன்னு யாரைப் பார்த்தாலும் சொல்லத் தோணுது. இதுல ரெண்டு வித்தையும் ஒண்ணா நிக்குது. மேப்15, இண்டஸ்ட்ரியல் ஸோன், பரந்து விரிஞ்சு கிடக்கற வெளி, எட்ட நின்னு ஒரு கட்டடத்தைப் பார்க்கறீங்க, எப்போவோ ஒரு நேரத்துல அதுக்குள்ளேர்ந்து வெளிய எட்டிப் பார்க்கறீங்க, ஈ1எம்1-ஓட ஜன்னல் வித்தைதான், ஆனா இப்போ அந்த வெளியில ரெவனன்ட்டும் செயின்கன்னரும் இருக்கறதால எட்டிப் பார்க்கறதே ஒரு முடிவு எடுக்கற மாதிரி ஆயிடுது. மேப்20-ல சைபர்டீமனும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டும் ஒரே இடத்துல, கொஞ்சம் புத்தியா நடந்துக்கிட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மேப்29, தி லிவிங் எண்ட், ஆரம்பத்துல உயரத்துல நிப்பீங்க, கீழ இறங்கினதும் சுத்திச் சுத்திப் போய் மறுபடி அந்த உயரத்துக்கே வரணும், வந்து கீழ பார்க்கறப்போ எவ்வளவு தூரம் நடந்திருக்கோம்னு தெரியும். ஒரு கேமோட கடைசிக்கு முந்தின லெவல் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு.

அப்போ எது பெருசுன்னு கேட்டா, எனக்கு முதல் எபிசோட்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒரு கட்டடத்தை உடம்பால தெரிஞ்சுக்கற உணர்வு அதுல கிடைச்ச மாதிரி வேற எதுலயும் எனக்குக் கிடைக்கல. ஆனா முப்பது வருஷமா ரசிகர்கள் கட்டிட்டு வர்ற ஆயிரக்கணக்கான மேப்ல பெரும்பாலானது ஏன் டூம் 2-க்கு மேல கட்டியிருக்காங்கன்னு இப்போ நல்லாப் புரியுது. வெறும் ஜாம்பியும் இம்ப்பும் வெச்சு ஒரு புது லெவலை சுவாரசியமா பண்ண ரொமேரோ அளவுக்குக் கை வேணும். ஆர்ச்-வைலும் ரெவனன்ட்டும் கையில இருந்தா ஒரு வெத்து ரூம்ல நாலு தூண் நட்டு ஒரு சண்டையை உருவாக்கிடலாம். ரொமேரோவே பல வருஷம் கழிச்சு 2019-ல சிகில்னு ஒரு முழு எபிசோட் போட்டார், அது முதல் டூமோட மான்ஸ்டர்களை மட்டும் வெச்சுப் பண்ணது, ஒரு ஆர்ச்-வைல் கிடையாது, சூப்பர் ஷாட்கன் கிடையாது. 2023 டிசம்பர்ல, டூம் வந்து சரியா 30 வருஷம் ஆனப்போ, சிகில் 2, அதுவும் அப்படித்தான். அவர் மனசு எந்தப் பக்கம்னு நான் அதுலேர்ந்து எடுத்துக்கறேன்.

நேத்து ராத்திரி மறுபடி நோட்டை எடுத்து மேப்15 வரைஞ்சேன். வெளிப்புறம், உயரமான விளிம்பு, பெரிய கட்டடம் வரைக்கும் சரியா வந்துச்சு. சீக்ரெட் எக்ஸிட்டுக்குப் போற பக்கம் மட்டும் இன்னும் காலியா இருக்கு, ஸ்க்ரீனைப் போடாம அதை நிரப்பணும்னு இருக்கேன்.